கனிமத் தேடலில் ஆழ்மேலோட்டுப் புவி இயற்பியல் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவி இயற்பியல் படிக்கும் மாணவர்களும், தேடல் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் நிலவியலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் காலர் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. இம்முறைகளை வெளிப்படையாகவும் நீண்ட காலமாகவும் சோதித்துப் பார்த்த இடங்களில் அது முதன்மையானது என்பதே காரணம்.

ஆழ்மேலோடு என்று எதைச் சொல்கிறீர்கள்? சுரங்கம் எட்டாத ஆழத்தை ஆராய்ந்து கனிமம் தேடுபவருக்கு என்ன கிடைக்கும்?

கண்டங்களின் மேலோடு பொதுவாக 35 முதல் 40 கி.மீ. வரை தடித்தது. அதன் அடியில் மோஹோ எல்லையும், அதற்கும் கீழே மேன்டில் எனப்படும் கவசமும் உள்ளன. ஏறக்குறைய 15 கி.மீ. ஆழத்திலிருந்து மோஹோ வரையிலான பகுதியையே இங்கே ஆழ்மேலோடு என்கிறோம். உலகின் மிக ஆழமான சுரங்கமாகிய தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கமே சுமார் 4 கி.மீ. தான் இறங்கியிருக்கிறது. 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் 3 கி.மீ.யைச் சற்றுத் தாண்டியிருந்தது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆராய்ச்சிக்கென்றே 1970இல் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது; அதற்கு மேல் ஆழம் கூடவில்லை. ஆகவே ஆழ்மேலோட்டில் யாரும் தாது வெட்டப் போவதில்லை.

அங்கே பார்ப்பது தாதுவை அல்ல, தாது வந்த வழியை. ஒரு தாதுப் படிவம் சில நூறு மீட்டரோ ஒன்றிரண்டு கிலோமீட்டரோ அகலம் உடையது. அதை மேலே கொண்டுவந்து சேர்த்த வெந்நீர்க் கரைசல்களும் பாறைக்குழம்பும் ஏறி வந்த பாதை பல பத்து கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்டிருக்கலாம். சிறிய பொருளைத் தேடுவதற்கு முன், பெரிதாக இருக்கும் அதன் தடத்தைத் தேடுவது எளிது என்பதே இம்முறைகளின் அடிப்படை.

மேற்பரப்பில் நேரடியாகத் தேடினால் ஆகாதா?

பாறை வெளியே தெரியும் இடங்களில் ஆகும். இதுவரை உலகம் கண்டெடுத்த பெரும்பாலான தாதுக்கள் அப்படிக் கிடைத்தவையே. கோலாரில்கூட ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே உள்ளூர் மக்கள் தோண்டிய குழிகள் இருந்தன. அவற்றைப் பின்தொடர்ந்துதான் பெரிய சுரங்கம் வந்தது. மணலும் களிமண்ணும் இளவயதுப் படிவப் பாறையும் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பில் மூடிக் கிடக்கும் நிலத்தில் அவ்வாறு பின்தொடர எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி இப்படிப்பட்டது. அங்கே ஒவ்வொரு துளையும் மூடுபடலத்தைக் கடப்பதற்கே பெருஞ்செலவு கேட்கும். எந்த நூறு கிலோமீட்டரை விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அதுவே பெரிய சேமிப்பு.

தாது உருவாவதற்கும் 30 கி.மீ. ஆழத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

எல்லாத் தாதுக்கும் இல்லை. ஆற்றுமணல் கனிமங்களுக்கும் பாக்சைட்டுக்கும் ஆழ்மேலோட்டு ஆய்வு தேவையே இல்லை. பாறைக்குழம்போடும் வெந்நீர்க் கரைசல்களோடும் வந்த செம்பு, தங்கம், நிக்கல் போன்றவற்றின் பெரிய படிவங்களுக்கே இக்கேள்வி பொருந்தும்.

இத்தகைய படிவம் உருவாக உலோகத்துக்கு ஒரு மூலம், அதை நகர்த்த ஆற்றலும் கரைசலும், மேலே வருவதற்கு ஒரு பாதை, வந்த உலோகம் தங்கிப் படிவதற்கு ஓர் இடம் ஆகிய யாவும் ஒரே காலத்தில் கூடிவர வேண்டும். பெட்ரோலியத் துறையில் முன்பே வழக்கத்தில் இருந்த இந்தப் பார்வையை 1994இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கனிமங்களுக்கு வகுத்துச் சொன்னார்கள். பழைய தேடல் முறைகள் கடைசி உறுப்பாகிய படியும் இடத்தை மட்டும் பார்த்தன. ஆழ்மேலோட்டு முறைகள் மூலத்தையும் பாதையையும் பார்க்க முயல்கின்றன. சிறிய படிவத்துக்கு உள்ளூர்ச் சூழலே போதுமானதாக இருக்கலாம். மிகப் பெரிய படிவத்துக்கு மேலோடு முழுவதையும் ஊடுருவிய ஒரு பாதை வேண்டியிருக்கும் என்பது தர்க்கம். தர்க்கம் சரியாகவே தோன்றுகிறது, ஆனால் அதை ஒவ்வொரு நிலப்பகுதியிலும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

எந்தெந்த முறைகள் பயன்படுகின்றன?

முதன்மையானவை இரண்டு: பாறையின் மின்தடை எண்ணை அளக்கும் மேக்னடோடெல்லூரிக் முறை (களத்தில் எல்லோரும் எம்.டி. என்றே சொல்வார்கள்), மற்றும் நில அதிர்வு எதிரொலிப்பு முறை. ஈர்ப்பு அளவையும் காந்த அளவையும் இவற்றுக்குத் துணை நிற்கும். இயற்கை நிலநடுக்கங்களின் அலைகளைக் கொண்டு மோஹோவின் ஆழத்தையும் கவசத்தின் கட்டமைப்பையும் அறியும் முறைகளும் உண்டு.

எம்.டி. அளவீடு களத்தில் எப்படி நடக்கிறது?

இம்முறைக்குச் செயற்கையாக மின்சாரம் எதையும் நிலத்துக்குள் செலுத்த வேண்டியதில்லை. உலகெங்கும் ஓயாமல் நிகழும் மின்னல்களும், சூரியக் காற்று புவியின் காந்த மண்டலத்தோடு மோதுவதும் பூமியைச் சுற்றிய காந்தப்புலத்தை எந்நேரமும் அலைக்கழித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றம் நிலத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மேற்பரப்பில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால், கீழே உள்ள பாறை எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது தெரியும். இதன் கோட்பாட்டை 1950இல் சோவியத் அறிவியலாளர் டிகனோவும், 1953இல் பிரெஞ்சு அறிவியலாளர் கானியாரும் தனித்தனியே வகுத்தனர்.

காலையில் நிலையத்தை அடைந்ததும் முதல் வேலை திசைகாட்டியை வைத்து வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் கோடு பிடிப்பது. மையத்திலிருந்து நான்கு பக்கமும் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி முழங்கையளவு ஆழத்தில் குழி வெட்டி, உப்புநீரில் குழைத்த பென்டோனைட் களிமண்ணை இட்டு, அதற்குள் ஈயக் குளோரைடு மின்முனையை அழுத்தி வைத்து மூட வேண்டும். களிமண் காய்ந்து போனால் தொடுமின்தடை ஏறிவிடும். பாலை நிலத்தில் இரண்டாம் நாளே அது நடக்கும். காந்தப்புலச் சுருள்கள் மூன்று; ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான குழாய். இரண்டை நீர்மட்டம் பார்த்துப் படுக்க வைத்துப் புதைக்கலாம், மூன்றாவதை நிமிர்த்தி இறக்க வேண்டும், பாறைப்பாங்கான இடத்தில் அந்த ஒரு குழிக்கே அரைநாள் போய்விடும். இணைப்புக் கம்பிகளைத் தரையோடு படுக்க வைத்து, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கை மண் போடாமல் விட்டால், காற்றில் கம்பி ஆடுவதே ஒரு சமிக்ஞையாகப் பதிவாகும். பிறகு கருவியை ஓடவிட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது ஆடுமாடுகள் கம்பியை மென்றிருக்கும் காட்சியைப் பார்க்காத களப்பணியாளர் குறைவு.

மின்கம்பிகளும், மின்வேலிகளும், மின்சார ரயில் பாதைகளும், துருப்பிடிக்காமல் இருக்க மின்னோட்டம் செலுத்தப்படும் எரிவாயுக் குழாய்களும் இதற்குப் பகை. தொலைவில் அமைதியான ஓரிடத்தில் இன்னொரு நிலையத்தை அதே நேரத்தில் இயக்கி, இரண்டிலும் பொதுவாக உள்ள சமிக்ஞையை மட்டும் எடுத்துக்கொள்ளும் உத்தி 1970களின் இறுதியில் வந்த பிறகுதான் மக்கள் வாழும் பகுதிகளில் நம்பத்தக்க எம்.டி. அளவீடு சாத்தியமாயிற்று.

எவ்வளவு ஆழம் வரை பார்க்கிறோம் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

களத்தில் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. பாறையின் மின்தடை எண்ணை ஓம்-மீட்டரிலும், அலையின் காலத்தை வினாடியிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 500ஆல் பெருக்கினால் அலை ஊடுருவும் ஆழம் ஏறக்குறைய மீட்டரில் வரும். 100 ஓம்-மீட்டர் பாறையில் 64 வினாடிக் காலமுள்ள அலை 40 கி.மீ. இறங்கும், அதாவது மோஹோவைத் தொடும். 10 ஓம்-மீட்டர் மட்டுமே உள்ள பாறையில் அதே ஆழத்துக்கு 640 வினாடி வேண்டும்.

இதன் விளைவு நேரத்தில் தெரியும். 1,000 வினாடிக் காலமுள்ள அலையின் 100 சுற்றுகளைப் பதிவு செய்வதற்கே 28 மணி நேரம் பிடிக்கும். மேற்பரப்பில் உப்புநீர் ஊறிய படிவங்கள் இருந்தால் அவையே சமிக்ஞையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகையால் ஆழ்மேலோட்டுக்கென அமைக்கும் நிலையங்கள் ஓர் இரவோடு முடிவதில்லை. நாள்கணக்கிலும், கவசத்தைப் பார்க்க வேண்டுமானால் வாரக்கணக்கிலும் இருக்கும். ஒரு வினாடியை ஒட்டிய காலங்களில் இயற்கைச் சமிக்ஞையே நலிந்திருக்கும் என்பது இன்னொரு தொல்லை. அந்தப் பட்டையில் தரவு சிதறிக் கிடந்தால் கருவியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

நில அதிர்வு எதிரொலிப்பு முறை என்ன காட்டுகிறது?

20, 30 டன் எடையுள்ள அதிர்வு லாரிகள் மூன்று நான்கு வரிசையாகச் சாலையோரம் நின்று, அடித்தட்டைத் தரையில் அழுத்தி, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை ஒரே சீராக அதிர்விக்கும். கிலோமீட்டர் கணக்கில் பரப்பிய ஜியோபோன்கள் (தரையின் அதிர்வை உணரும் கருவிகள்) திரும்பி வரும் அலைகளைப் பதிவு செய்யும். மேலோட்டில் அலையின் சராசரி வேகம் வினாடிக்கு 6 கி.மீ. என்று கொண்டால், அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் படத்தில் ஒரு வினாடி என்பது 3 கி.மீ. ஆழம், 40 கி.மீ. ஆழத்து மோஹோவிலிருந்து எதிரொலி சுமார் 13 வினாடியில் வரும். எண்ணெய்த் தேடலில் நான்கைந்து வினாடி பதிவு செய்தால் போதும், இங்கே 18, 20 வினாடி வரை காத்திருக்க வேண்டும்.

எதிரொலிப்புப் படம் பாறை அடுக்குகளின் சாய்வையும், பெரிய பிளவுப்பெயர்ச்சிகள் எங்கே இறங்கி எங்கே மட்டமாகின்றன என்பதையும் காட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி தங்க வட்டாரத்தின் குறுக்கே 1991இல் எடுத்த அளவீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள பசும்பாறைப் பட்டைகள் (உருமாறிய பழைய எரிமலைப் பாறைகள்) மேலோட்டின் அடிவரை வேரோடி நிற்கவில்லை, சில கிலோமீட்டர் தடிப்போடு ஒரு சறுக்குத் தளத்தின் மேல் அமர்ந்திருக்கின்றன என்பதை அது காட்டியது. எந்தப் பிளவு ஆழமாகப் போகிறது, எது மேலோட்டமானது என்ற வேறுபாடு தங்கம் தேடுபவருக்கு உடனே பயன்படும் செய்தி.

அப்படியானால் தாதுவையே நேரடியாக இந்தப் படத்தில் பார்க்க முடியாதா?

அலையின் நீளம் அதற்கு இடம் தருவதில்லை. 30 ஹெர்ட்ஸ் அலை 6 கி.மீ. வேகத்தில் போனால் அதன் நீளம் 200 மீட்டர். கால் அலைநீளத்துக்கு, அதாவது 50 மீட்டருக்குக் குறைந்த தடிப்புள்ள அடுக்கின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிரித்தறிய முடியாது. பக்கவாட்டில் நிலைமை இன்னும் மோசம்: 10 கி.மீ. ஆழத்தில் ஒரு எதிரொலி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து திரண்டு வருகிறது. கணிப்பொறியில் திருத்திச் சீராக்கினாலும் அந்த மங்கல் முழுதாகப் போவதில்லை.

மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் சிறு பரப்பில் நெருக்கமாக எடுக்கும் முப்பரிமாண அளவீடு வேறு கதை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஹாஃப்மைல் ஏரிப் பகுதியில் 1990களில் அத்தகைய அளவீடு ஒன்று காட்டிய எதிரொலியைத் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே சல்பைடுத் தாது கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் இன்னும் சுவையான நிலைமை. அங்கே தங்கம் தாங்கிய படலம் ஒரு மீட்டர் அளவே தடித்தது, எந்த அலைக்கும் அது தெரியாது. அதற்கு நேர் மேலே எரிமலைப் பாறையும் கீழே குவார்ட்சைட்டும் சந்திக்கும் இடம் உரத்த எதிரொலி தருவதால், அந்த எல்லையை வரைந்தால் தங்கப் படலத்தின் ஆழமும் அது முறிந்து இடம்பெயர்ந்த இடங்களும் தாமே தெரிந்துவிடுகின்றன.

ஒலிம்பிக் டேம் படிவம் இம்முறைகளால் கண்டுபிடிக்கப்பட்டது என்கிறார்களே?

இல்லை. இது அடிக்கடி நேரும் மயக்கம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஒலிம்பிக் டேம் என்பது பெரிய அணை அல்ல. அடிலெய்டுக்கு வடமேற்கே ஒரு கால்நடைப் பண்ணையில், மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த 1956ஆம் ஆண்டில் வெட்டப்பட்டதால் அப்பெயர் பெற்ற குட்டை. அப்பகுதியில் செம்பு தேடிய வெஸ்டர்ன் மைனிங் நிறுவனம், ஈர்ப்பு அளவையிலும் காந்த அளவையிலும் ஒரே இடத்தில் அளவு உயர்ந்து காட்டிய சில இலக்குகளைத் தேர்ந்தெடுத்து 1975இல் முதல் துளையை இறக்கியது. ஏறக்குறைய 350 மீட்டர் தடித்த மூடுபடலத்துக்குக் கீழே, 38 மீட்டர் நீளத்துக்கு ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய செம்பு வந்தது. அடுத்து வந்த துளைகள் பல ஏமாற்றின. 1976இல் பத்தாவது துளையில் 170 மீட்டர் நீளத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் செம்பு, யுரேனியத்தோடு சேர்ந்து வந்தபோதுதான் படிவத்தின் அளவு புரிந்தது. நிறுவனத்தின் நிலவியலாளர்கள் எதிர்பார்த்தது படிவப் பாறைகளில் தங்கிய செம்பு. கிடைத்ததோ நொறுங்கிய கிரானைட்டும் ஹேமடைட்டும் கலந்த, அதுவரை உலகில் பெயரே இல்லாத ஒரு தாது வகை. கருதுகோள் தவறு, இலக்கு சரி. 1988இல் உற்பத்தி தொடங்கியது.

ஆழ்மேலோட்டு அளவீடு அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் வந்தது. 2003இல் படிவத்தின் குறுக்கே எதிரொலிப்புக் கோடும், அதே தடத்தில் எம்.டி. நிலையங்களும் அமைக்கப்பட்டன. சுற்றிலும் பளிச்சென்று எதிரொலித்த மேலோடு, படிவத்துக்கு அடியில் மங்கிப் போயிருந்தது. எம்.டி. படத்தில் அதே இடத்தில் மின்சாரத்தை நன்கு கடத்தும் ஒரு பகுதி தெரிந்தது; இது 2006இல் வெளியாயிற்று. பின்னர் நிலையங்களை நெருக்கமாக்கி மீண்டும் அளந்து 2018இல் வெளியிட்ட படம் இன்னும் தெளிவானது: சுமார் 15 கி.மீ.க்குக் கீழே ஏறக்குறைய 50 கி.மீ. அகலத்துக்கு 10 ஓம்-மீட்டருக்கும் குறைந்த மின்தடை எண் கொண்ட பகுதி. அதிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் குறுகிய, செங்குத்தான பாதைகள் மூன்று. அவற்றில் ஒன்றின் உச்சியில் ஒலிம்பிக் டேம், மற்றவற்றின் உச்சியில் விர்டா வெல், வல்கன் என்ற தாது அறிகுறிகள். 159 கோடி ஆண்டுகளுக்கு முன் கரைசல்கள் ஏறி வந்த வழியின் தடம் இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆக, தெரிந்த விடைக்குப் பின்னால் சென்று கேள்வியைப் படம் பிடித்த ஆய்வு இது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது, இப்படி ஒரு தடம் கிடைத்ததால்தான் வேறெங்கே அதே தடம் உண்டு என்று கேட்க முடிகிறது. ஆனால் "எம்.டி. ஒலிம்பிக் டேமைக் கண்டுபிடித்தது" என்று முதலீட்டாளர்களுக்கான அறிக்கையில் யாரேனும் எழுதியிருந்தால், அறிக்கையின் மற்றப் பக்கங்களையும் ஐயத்தோடு படிப்பது நல்லது.

150 கோடி ஆண்டுகளுக்கு முன் போன கரைசல் இன்றும் அங்கேயா இருக்கிறது? மின்சாரத்தைக் கடத்துவது எது?

கரைசல் இருக்க வாய்ப்பில்லை. பழமையான, குளிர்ந்துபோன ஆழ்மேலோட்டில் நீர் அவ்வளவு காலம் தங்காது. எஞ்சியிருப்பது அது விட்டுச் சென்ற பொருள், பெரும்பாலும் கனிமத் துகள்களின் இடுக்குகளில் மெல்லிய படலமாகப் படிந்த கிராஃபைட்டு, சில இடங்களில் சல்பைடு. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த கரைசல் குளிரும்போது கிராஃபைட்டு படியக்கூடும். சதவீதக் கணக்கில் மிகச் சொற்பமான கிராஃபைட்டு தொடர்ச்சியாக இணைந்திருந்தாலே பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கிலிருந்து பத்துக்கு இறங்கிவிடும். அளவைவிட இணைப்பே முக்கியம்.

ஆழ்மேலோட்டுப் பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் சென்னைவாசி, பரங்கிமலைக்கோ பல்லாவரத்துக்கோ போனால் போதும். சார்னோகைட்டு என்ற பாறைக்கு உலகம் முழுதும் வழங்கும் பெயர் அந்தக் குன்றுகளின் பாறையைக் கொண்டு வைக்கப்பட்டதுதான். பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனபின் வெளிப்பட்ட பழைய ஆழ்மேலோடு அது. தென்னிந்தியச் சார்னோகைட்டுகளின் கனிமத் துகள்களுக்குள் சிறைப்பட்ட நுண்குமிழ்களில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருப்பது நன்கு அறியப்பட்ட செய்தி. சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டும் இதே வகை ஆழ்மேலோட்டுப் பாறைகளின் நிலப்பகுதியைச் சேர்ந்தது.

மின்கடத்தும் பகுதி தெரிந்தால் மேலே தாது இருக்கும் என்று கொள்ளலாமா?

கூடாது. பழைய கடலடிச் சேற்றிலிருந்து வந்த கிராஃபைட்டுக் களிப்பாறை எந்தத் தாதுவோடும் தொடர்பில்லாமலே சிறப்பாக மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீர் ஊறிய படிவங்களும் அப்படியே. தாதுவே இல்லாத ஆழ்மேலோட்டு மின்கடத்திகள் பல உண்டு. எதிர்ப்பக்கமும் உண்மை: பாதை இருந்தும், மேலே தங்கிப் படிவதற்கான இடம் அமையாமல் உலோகம் சிதறிப் போயிருக்கலாம், படிந்த தாது பின்னர் அரிப்பில் கரைந்து கடலுக்கே போயிருக்கவும் கூடும்.

கோலா துளை இதில் ஒரு பாடம். ஏறக்குறைய 7 கி.மீ. ஆழத்தில் அலையின் வேகம் மாறுவதைக் கண்டு, அங்கே கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் என்று கருதினார்கள். துளை அந்த ஆழத்தைக் கடந்தபோது பசால்ட் வரவில்லை. உருமாறி, விரிசல் விட்டு, நீர் ஊடுருவிய கிரானைட் வகைப் பாறைதான் வந்தது. அளவீடு பொய் சொல்லவில்லை. அதற்கு நாம் சூட்டிய பெயர்தான் பிழை.

ஈர்ப்பு அளவையும் காந்த அளவையும் பழையவை. அவற்றுக்கு இன்னும் இடம் உண்டா?

துளை எங்கே இறக்குவது என்ற கடைசித் தீர்ப்பைப் பெரும்பாலும் அவைதான் சொல்கின்றன. ஒலிம்பிக் டேமுக்குத் தெற்கே உள்ள காரபட்டீனா படிவம் 2005இல் கிடைத்தபோதும், ஏறக்குறைய 470 மீட்டர் தடித்த மூடுபடலத்துக்கு மேலிருந்து வழிகாட்டியவை அவையே. ஹேமடைட்டின் அடர்த்தி கிரானைட்டைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே இரும்பு மிகுந்த தாது ஈர்ப்பில் தன்னைக் காட்டிக் கொடுக்கும். இதில் கவனிக்க வேண்டியது உயர அளவீடு: கருவி நிற்கும் இடத்தின் உயரத்தில் 10 செ.மீ. பிழை நேர்ந்தால் கணக்கில் 0.02 மில்லிகால் (ஈர்ப்பு வேறுபாட்டை அளக்கும் அலகு) பிழை வரும்.

காந்த அளவைக்கு ஆழத்தில் இயற்கையே எல்லை போட்டிருக்கிறது. 580 டிகிரி செல்சியசுக்கு மேல் மேக்னடைட் தன் வலுவான காந்தத்தன்மையை இழந்துவிடுவதால், அந்த வெப்பநிலை உள்ள ஆழத்துக்குக் கீழே காந்த அளவை எதையும் சொல்லாது.

ஒரு கண்டம் முழுவதையும் இப்படி அளக்க முடியுமா?

ஆஸ்திரேலியா அதைத்தான் செய்துவருகிறது. ஆஸ்லாம்ப் என்ற திட்டத்தில் அரைப் பாகை இடைவெளியில், அதாவது சுமார் 55 கி.மீ.க்கு ஒன்றாக, நாடு முழுதும் எம்.டி. நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. 55 கி.மீ. இடைவெளியில் தாதுவைத் தேட முடியாது. மேலோட்டின் பெரிய பிரிவுகளும் அவற்றின் விளிம்புகளும் தெரியும். கனடாவில் 1984இல் தொடங்கி இருபதாண்டு அளவில் நடந்த லித்தோப்ரோப் திட்டம் எதிரொலிப்பு முறையை முதன்மையாகக் கொண்டு இதே வேலையைச் செய்தது.

விளிம்புகள் ஏன் முக்கியம் என்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு எண்ணிக்கையாகவே காட்டியது. நிலநடுக்க அலைகளிலிருந்து பாறைக்கோளத்தின் (மேலோடும் அதை ஒட்டிய மேல்கவசமும் சேர்ந்த விறைப்பான படலத்தின்) தடிப்பை வரைந்து பார்த்தபோது, படிவப் பாறைகளில் உள்ள ஈயம், துத்தநாகம், செம்புத் தாதுக்களில் 85 சதவீதம் தடித்த பாறைக்கோளத்தின் விளிம்பிலிருந்து 200 கி.மீ.க்குள் அமைந்திருந்தன, மிகப் பெரிய படிவங்கள் அனைத்தும் அதற்குள்ளேயே. 200 கி.மீ. என்பது சிறிய பட்டை அல்ல என்று சொல்லலாம். ஒரு கண்டத்தை எடுத்துக்கொண்டால் அது பெரிய வடிகட்டல்.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஆழ்மேலோட்டு நில அதிர்வு அளவீட்டில் இந்தியா பின்தங்கித் தொடங்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1972இலேயே ஆந்திரக் கடற்கரையின் காவலியிலிருந்து கர்நாடகத்தின் உடுப்பி வரை தீபகற்பத்தைக் குறுக்காக வெட்டும் கோட்டில் இத்தகைய அளவீட்டைத் தொடங்கியது. ராஜஸ்தானில் நாகௌர்-ஜாலாவார் கோடும், தெற்கே குப்பம்-பழனி கோடும் பின்னர் வந்தவை. குப்பம்-பழனிக் கோட்டில் நில அதிர்வு, எம்.டி., ஈர்ப்பு மூன்றும் சேர்ந்து, தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் மோயாறு-பவானி, பாலக்காடு-காவிரி சறுக்கு மண்டலங்களைக் கடந்து சென்றன. இவை எல்லாம் நிலப்பகுதியின் கட்டமைப்பை அறிவதற்காகச் செய்தவை. கனிமத் தேடல் இவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

கனிமத் தேடலோடு இதை இணைக்கும் எண்ணம் 2016ஆம் ஆண்டின் தேசியக் கனிமத் தேடல் கொள்கையில் ஆழத்தில் மறைந்த தாதுக்களைத் தேடும் அன்கவர் என்ற திட்டமாக இடம்பெற்றது. 2023இல் சுரங்கச் சட்டத்தில் செய்த திருத்தம், செம்பு, தங்கம், நிக்கல், லித்தியம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்குத் தனியார் பெறக்கூடிய புதிய தேடல் உரிமம் ஒன்றை உண்டாக்கியது. பழைய கோடுகளின் தரவை இன்றைய கணிப்பு முறைகளால் மீண்டும் செயலாக்குவது, புதிய கோடு எடுப்பதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது எமது கருத்து.

சிறிய தேடல் நிறுவனம் இதையெல்லாம் செய்ய முடியுமா?

ஆழ்மேலோட்டு எதிரொலிப்புக் கோட்டைச் சொந்தச் செலவில் எடுப்பது சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. அது அரசு செய்து வெளியிட வேண்டிய அடிப்படைத் தரவு. ஆஸ்திரேலியாவில் அத்தரவு இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவனம் அதிலிருந்து ஒரு பட்டையைத் தேர்ந்துகொண்டு, அதற்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் எம்.டி., பிறகு நெருக்கமான ஈர்ப்பு அளவை, கடைசியில் துளை என்று இறங்கலாம். ஒவ்வொரு படியிலும் பரப்பு சுருங்கும், ஒரு சதுர கிலோமீட்டருக்கான செலவு ஏறும். முதல் படியைத் தவிர்த்துவிட்டு நேரே மூன்றாம் படிக்குப் போய்ப் பணத்தை இழந்தவர்களும், முதல் படியிலேயே பல ஆண்டு நின்று படங்களை மெருகேற்றிக்கொண்டே துளையிடாமல் போனவர்களும் உண்டு.

இவற்றால் நிலத்துக்கோ மக்களுக்கோ பாதிப்பு உண்டா?

எம்.டி. முறையில் சில குழிகளை மூடிவிட்டு வந்தால் முடிந்தது. அதிர்வு லாரிகள் பழைய கட்டடம், கிணறு, பாசனக் குழாய் ஆகியவற்றிலிருந்து போதிய தொலைவு விட்டே இயங்க வேண்டும்; பயிர் நிற்கும் காலத்தைத் தவிர்க்க வேண்டும். எந்த முறையானாலும் நில உரிமையாளரின் சம்மதத்தைப் பெறாமல் வேலி தாண்டக் கூடாது.

ஒரு நிறுவனம் தன் அறிக்கையில் ஆழ்மேலோட்டுப் படம் ஒன்றைக் காட்டுகிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நிலையங்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். படத்தின் மேல்விளிம்பில் சிறு முக்கோணங்களாக அவற்றைக் குறித்திருப்பார்கள். குறிக்காத படத்தை நம்ப வேண்டாம். இரு நிலையங்களுக்கிடையே 10 கி.மீ. இடைவெளி இருக்க, அவற்றுக்கு நடுவே 2 கி.மீ. ஆழத்தில் ஒரு கூர்மையான உருவம் வரைந்திருந்தால், அதை வரைந்தது கணிப்பொறியின் சீராக்கும் விதியே.

அடுத்து நிற அளவுகோல். 10க்கும் 10,000 ஓம்-மீட்டருக்கும் இடையே நிறங்கள் பரவியிருக்கின்றனவா, அல்லது 80க்கும் 120க்கும் இடையே நீலத்திலிருந்து சிவப்பு வரை பிழிந்து வைத்திருக்கிறார்களா என்பது படத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும். ஆழ அச்சும் கிடை அச்சும் ஒரே அளவில் உள்ளனவா என்றும் பாருங்கள். செங்குத்து அச்சை மும்மடங்கு நீட்டினால் சாய்வான எந்தப் பிளவும் செங்குத்துப் பாதை போலத் தெரியும்.

பிறகு, அதே தரவுக்குப் பொருந்தும் வேறு படங்களை அவர்கள் முயன்று பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒரே அளவீட்டுக்குப் பொருந்தும் நிலத்தடி அமைப்புகள் பல உண்டு. தொடக்க மாதிரியை மாற்றி, சந்தேகத்துக்குரிய உருவத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு மீண்டும் கணித்தபோது, தரவோடு பொருத்தம் கெட்டுப்போய் அந்த உருவம் திரும்பி வந்ததா என்பதே சோதனை. திரும்பி வந்தது என்றால் அந்த அறிக்கையின் மற்றப் பகுதியையும் படிக்கலாம். சோதனை செய்யவில்லை என்றால், அதைச் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு துளையின் செலவோடு ஒப்பிட்டால் சில நாள் கணிப்பொறி வேலை பெரிதல்ல.